சூழ்நிலைப் பகுப்பாய்வு (மேலாண்மை)

சூழ்நிலைப் பகுப்பாய்வு என்பது, பல கூறுகள் ஒன்றையொன்று பாதித்தவாறு இயங்கும் சிக்கலான அமைப்பு ஒன்றில், முடிவெடுக்க வேண்டியவருக்கு உதவும் ஓர் ஆய்வு முறையாகும். இப்போது என்ன நடக்கிறது, அது எதனால் நடக்கிறது, அடுத்து என்ன நடக்கக்கூடும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் இம்முறை விடை தேடுகிறது. நிறுவன மேலாண்மை, பேரிடர் மேலாண்மை, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு, மின்கட்டமைப்பு, படைத்துறை, அணைகளின் இயக்கம் எனப் பல துறைகளில் இது பயன்படுத்தப்படுகிறது. முடிவை எடுத்துத் தருவது இதன் பணி அன்று. எந்த முடிவு எடுத்தால் எது நேரலாம், எவ்வளவு நேரத்துக்குள் முடிவு எடுக்கப்பட வேண்டும், யாருக்கு இழப்பு நேரும் என்பவற்றைத் தெளிவாக்குவதே இதன் பணி.

இக்கட்டுரை தமிழ்நாடு, கர்நாடக எல்லையில் அமைந்துள்ள ஓசூர், கிருஷ்ணகிரி தொழில் வட்டாரத்தையும், அதனூடாகப் பாயும் தென்பெண்ணை ஆற்றின் அணைகளையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

வணிகவியல் பாடநூல்களில் இப்பெயர் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் வலிமை, வலுவின்மை, வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகிய நான்கையும் கட்டமிட்டு எழுதும் பயிற்சியைக் குறிக்கும். அது ஆண்டுத் திட்டமிடலுக்கு ஏற்றது. மணிக்கணக்கில் மாறும் நிலைமைகளுக்கு ஏற்றதன்று. சமூகவியலில் அடெல் கிளார்க் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் வழியே இதே பெயரில் ஓர் ஆய்வு முறை அறியப்படுகிறது. அது நேர்காணல் போன்ற தரவுகளை வரைபடங்களாக்கி ஆராய்வது. அவ்விரண்டும் இக்கட்டுரையின் பொருள் அல்ல.

சிக்கலான அமைப்பு என்பதையும் இங்கு விளக்க வேண்டும். கடினமானது வேறு, சிக்கலானது வேறு. ஓசூரில் உள்ள ஒரு சரக்குந்து ஆலையில் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களைப் பொருத்தி வண்டி ஒன்றை உருவாக்குவது கடினமான பணி. ஆனால் அதற்கு வரைபடம் உண்டு. வரைபடத்தின்படி செய்தால் இன்று கிடைக்கும் விளைவே நாளையும் கிடைக்கும். அதே சரக்குந்து சூசூவாடி வழியாக எல்லையைக் கடந்து அத்திப்பள்ளிக்குச் சென்று, பெங்களூரின் போக்குவரத்தில் கலந்து, குறித்த நேரத்தில் ஓரிடத்தை அடைவது சிக்கலான செயல். அங்கே மழை, திருவிழா, மறியல், மற்ற ஓட்டுநர்கள் எடுக்கும் முடிவுகள் யாவும் சேர்ந்து விளைவை முடிவுசெய்கின்றன. டேவ் சுனோடன் 1999 அளவில் உருவாக்கிய கினெவின் சட்டகம் இந்த வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டது. கடினமான நிலைமையில் வல்லுநரைக் கேட்டு ஆராய்ந்து செயல்படலாம் என்றும், சிக்கலான நிலைமையில் சிறிய அளவில் செய்து பார்த்து, விளைவைக் கவனித்து, அதற்கேற்ப அடுத்த அடியை எடுத்து வைக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

வரலாறு

ஆராய்ந்து செயல்படுதல் புதிய கருத்து அன்று. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து (47 முதல் 50 வரை) வருகின்றன. செயலை எண்ணுதல், தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் அளத்தல், நேரம் பார்த்தல், இடம் பார்த்தல் என்னும் இவ்வரிசை இன்றைய சூழ்நிலைப் பகுப்பாய்வின் கேள்விகளோடு பெரிதும் ஒத்துப்போகிறது. இவ்வொற்றுமையை வைத்து வள்ளுவரே இத்துறையை உருவாக்கினார் என்று சொல்வது மிகை. எனினும், தமிழ் மாணவருக்கு இதனைக் கற்பிக்க இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

நவீன மேலாண்மைச் சிந்தனையில் மேரி பார்க்கர் பாலட் 1920களில் முன்வைத்த "சூழ்நிலையின் விதி" என்னும் கருத்து முன்னோடியானது. ஒருவர் மற்றொருவருக்குக் கட்டளையிடுவதைவிட, இருவரும் சேர்ந்து சூழ்நிலையை ஆராய்ந்து, அது கோருவதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் வாதிட்டார். 1956 இல் வெளியான தமது நூலில் தன்னாள்வியல் அறிஞர் ரோசு ஆசுபி தேவையான பல்வகைமை விதியை விளக்கினார். ஓர் அமைப்பு எத்தனை வகையாக நிலைமாறக்கூடுமோ, அதைக் கட்டுப்படுத்துபவரிடம் அதற்கு ஈடான எண்ணிக்கையில் எதிர்வினைகள் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பின்னர் வரும் அணை எடுத்துக்காட்டுகளில் இவ்விதி நேரடியாகப் பயன்படும்.

சிலி நாட்டில் 1971 முதல் 1973 வரை சுடாபோர்டு பீர் தலைமையில் நடந்த சைபர்சின் திட்டம், ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் முழுவதன் நிலைமையையும் ஒரே அறையிலிருந்து அறிய முயன்றது. ஏழு சுழல் நாற்காலிகள் கொண்ட அந்த அறையின் ஒளிப்படம் புகழ்பெற்றது. ஆயினும் உண்மையில் உதவியது அறை அன்று. தொழிற்சாலைகளை இணைத்த டெலெக்சு கருவிகளே. 1972 அக்டோபரில் சரக்குந்து உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எந்தச் சாலை திறந்திருக்கிறது, எங்கே வண்டி கிடைக்கும் என்ற செய்திகள் அக்கருவிகள் வழியே பரிமாறப்பட்டன. 1973 செப்டம்பர் 11 இல் நிகழ்ந்த இராணுவப் புரட்சியோடு திட்டம் முடிவுக்கு வந்தது. சோவியத் ஒன்றியத்தில் திமித்ரி பொசுபெலோவ் "சூழ்நிலைசார் கட்டுப்பாடு" என்ற பெயரில் ஒரு கோட்பாட்டை வளர்த்தார். அதைப் பற்றிய அவரது நூல் 1986 இல் வெளியானது. சமன்பாடுகளாக எழுத முடியாத அமைப்புகளை, சூழ்நிலைகளின் விவரணைகளாகச் சேமித்து, ஒத்த சூழ்நிலைக்கு ஒத்த முடிவு என்ற வகையில் கையாள்வது அவரது வழி.

மூன்று படிகள்

இன்று பரவலாக எடுத்தாளப்படுவது மிக்கா எண்ட்சிலி 1995 இல் முன்வைத்த மூன்று படிகளாகும். முதலாவது உணர்தல்: அமைப்பின் கூறுகள் எந்நிலையில் உள்ளன என்பதைக் காணுதல். இரண்டாவது புரிதல்: கண்டவற்றைச் சேர்த்து அவற்றின் பொருளை அறிதல். மூன்றாவது எதிர்நோக்கல்: அண்மை எதிர்காலத்தில் அமைப்பு எந்நிலையை அடையும் என்று கணித்தல்.

அணையில் நிற்கும் ஒரு பொறியாளரைக் கொண்டு இதை விளக்கலாம். அளவுகோலில் நீர்மட்டம் 50 அடி என்று வாசிப்பது உணர்தல். முழு உயரம் 52 அடி. மட்டம் உயரும் வேகம் கூடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே மேலே எங்கோ பெருமழை பெய்துள்ளது என்று அறிவது புரிதல். இதே வேகத்தில் போனால் விடியும் முன் மதகுகளைத் திறந்தாக வேண்டும், அப்போது கீழே உள்ள தரைப்பாலம் மூழ்கும் என்று காண்பது எதிர்நோக்கல். மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப் போதிய நேரம் மூன்றாம் படியிலிருந்து மட்டுமே கிடைக்கிறது. முதற்படியிலேயே நிற்கும் அமைப்புகள், எவ்வளவு விலையுயர்ந்த கருவிகளைக் கொண்டிருந்தாலும், நடந்து முடிந்ததையே அறிவிக்கின்றன.

எடுத்துக்காட்டு: தென்பெண்ணை ஆறு

ஆறும் அணைகளும்

தென்பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகிறது. அங்கு அதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். ஒசகோட்டை வழியாகப் பாய்ந்து, ஓசூர் வட்டத்தில் உள்ள கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் இதன் பாதையில் உள்ளன. கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

ஓசூருக்கு அருகில் உள்ள கெலவரப்பள்ளி அணை இவ்வாற்றில் தமிழ்நாட்டின் முதல் அணை. அதன் நீர்மட்ட உயரம் 44.28 அடி, கொள்ளளவு 481 மில்லியன் கன அடி. அடுத்தது கே.ஆர்.பி. அணை என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிருஷ்ணகிரி அணை. 52 அடி உயரமும் எட்டு மதகுகளும் கொண்ட இது 1950களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. இதன் இடது, வலது வாய்க்கால்கள் சுமார் 9,000 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் அளிக்கின்றன. மூன்றாவது, திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள சாத்தனூர் அணை. உயரம் 119 அடி, கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. மார்க்கண்டேய நதி கிருஷ்ணகிரி அணைக்கு நீர் சேர்க்கிறது. பாம்பாறு, வாணியாறு ஆகியவை கிருஷ்ணகிரிக்கும் சாத்தனூருக்கும் இடையே ஆற்றில் சேர்கின்றன. இந்த இடைப்பட்ட துணையாறுகளை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று அணைகளையும் மூன்று தனித்தனித் தொட்டிகளாகக் கருதுவது எளிது. அவ்வாறு கருதினால் பிழை நேரும். மேலணையின் முடிவு கீழணையின் சூழ்நிலையாகிறது. அத்துடன் ஆற்றின் தலைப்பகுதி வேறொரு மாநிலத்தில் உள்ளது. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து இவ்வாற்றில் சேர்கிறது. ஆகவே பெங்களூரில் ஒரு மழை என்பது ஓசூரில் நீர், நுரை, வெள்ள எச்சரிக்கை, பாசனம் ஆகிய நான்கையும் ஒரே வேளையில் மாற்றும் நிகழ்வாகும்.

2017: மதகு உடைந்த நிகழ்வு

2017 ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பகுதியில் மிக அதிக மழை பெய்தது. கிருஷ்ணகிரி அணை ஏறத்தாழ நிறைந்திருந்த நிலையில், நவம்பர் 29 அன்று அதன் முதல் மதகு உடைந்து நீர் வெளியேறத் தொடங்கியது. ஆற்றங்கரை மாவட்டங்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

இங்கே முடிவெடுப்போர் முன் இருந்த நிலைமையைக் கவனிக்க. நீர்மட்டம் மதகின் அடிப்பகுதிக்குக் கீழே இறங்காதவரை உடைந்த மதகை அகற்றவோ புதியதைப் பொருத்தவோ இயலாது. மட்டத்தை விரைவாக இறக்கினால் கீழே ஆற்றில் நீர் பெருகும். மெதுவாக இறக்கினால் சேதமடைந்த மதகின் மீதும் அண்டை மதகுகளின் மீதும் அழுத்தம் நீடிக்கும். எவ்வழியில் சென்றாலும், அடுத்த போகத்துக்கென்று தேங்கியிருந்த நீரின் பெரும்பகுதி போய்விடும். வடகிழக்குப் பருவமழையின் கடைசி வாரங்கள் அவை. அதன் பின்னர் இவ்வட்டாரம் மழைக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டும். ஆகவே பொறியியல் சிக்கல் ஒன்றின் உள்ளே ஒரு பாசனச் சிக்கலும், அதன் உள்ளே ஒரு பாதுகாப்புச் சிக்கலும் இருந்தன.

நீர் வெளியேற்றப்பட்டது. கீழே சாத்தனூர் அணை இருந்ததால், வெளியேறிய நீரைத் தாங்க ஓர் இடம் இருந்தது. பின்னர் உடைந்த மதகு அகற்றப்பட்டு வேறொன்று பொருத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எஞ்சிய மதகுகளும் மாற்றப்பட்டன. அறுபது ஆண்டுகள் பழைமையான எட்டு மதகுகளில் ஒன்று உடைந்தால், அது ஒரு மதகின் பழுதா, எட்டு மதகுகளின் பொது நிலைமையின் முதல் அறிகுறியா என்பதே புரிதல் படியில் எழும் கேள்வி. மற்ற ஏழையும் மாற்றியது, இரண்டாவது விடை ஏற்கப்பட்டதைக் காட்டுகிறது.

2024: ஊத்தங்கரை மழையும் சாத்தனூர் வெள்ளமும்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடற்கரையருகே ஏறத்தாழ அசையாமல் நின்று பெருமழை தந்த பின், வலுவிழந்து மேற்கு நோக்கி உள்நாட்டுக்குள் நகர்ந்தது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. இது அம்மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையில் பாதிக்கும் மேல். ஏரி நிரம்பி வழிந்த நீரில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. வறட்சிக்குப் பெயர்பெற்ற ஊரில் இவ்வாறு நடந்தது.

ஊத்தங்கரை வட்டத்தின் நீர் பாம்பாறு வழியே தென்பெண்ணையை அடைகிறது. அதாவது அது கிருஷ்ணகிரி அணையின் வழியாகச் செல்வதில்லை; அதற்குக் கீழே ஆற்றில் சேர்ந்து நேரே சாத்தனூருக்குச் செல்கிறது. வழக்கமான ஆண்டுகளில் வெள்ளம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வரும். அப்போது கெலவரப்பள்ளியிலும் கிருஷ்ணகிரியிலும் திறக்கப்படும் நீரின் அளவு சாத்தனூருக்கு முன்னறிவிப்பாக அமையும். மழை இடைப்பட்ட பகுதியில் பெய்யும்போது இந்த முன்னறிவிப்பு பயன்படாது. மேலணையின் வெளியேற்றத்தை மட்டும் பார்க்கும் எந்தக் கணிப்பும் அவ்வேளையில் குறைவான அளவையே காட்டும். சூழ்நிலைப் பகுப்பாய்வில் அடிக்கடி நேரும் பிழை இவ்வகையினது: தரவு சரியாக இருக்கும், ஆனால் அது எந்த வாயிலைப் பார்க்கிறதோ அந்த வாயில் வழியே ஆபத்து வருவதில்லை.

சாத்தனூரிலிருந்து வெளியேற்றம் படிப்படியாக உயர்த்தப்பட்டு, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடியை எட்டியது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் வெள்ளத்தில் சிக்கின. சில மாதங்களுக்கு முன்னரே திறக்கப்பட்டிருந்த அகரம்பள்ளிப்பட்டு, தொண்டமானூர் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. போதிய முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் அணை திறக்கப்பட்டது என்று எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. உரிய எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன என்று அரசு மறுத்தது.

இவ்விவாதத்தில் எண்களுக்கு அதிக இடம் கிடைக்கவில்லை. எளிய கணக்கு ஒன்றைச் செய்து பார்க்கலாம். விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி என்பது ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 605 மில்லியன் கன அடி. சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவும் 7,321 மில்லியன் கன அடியே. வெற்று அணையாக இருந்தாலும் அந்த வேகத்தில் வரும் வெள்ளம் அதைப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும். பத்தில் ஒரு பங்கு இடத்தை முன்கூட்டியே காலி செய்து வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அவகாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். கெலவரப்பள்ளி அளவுள்ள அணை ஒன்று முழுவதும் காலியாக இருந்தாலும் 48 நிமிடத்தில் நிரம்பும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, அணையில் சிறிது இடம் விட்டு வைப்பதால் உச்ச வெள்ளம் தடுக்கப்படுவதில்லை; சிறிது நேரம் மட்டும் கிடைக்கிறது. மற்றொன்று, அந்தச் சிறிது நேரமே எச்சரிக்கைக்கு மிகவும் மதிப்புடையது. நள்ளிரவு ஒரு மணிக்கு வரவேண்டிய உச்சம் இரண்டரை மணிக்கு வருமானால் ஓர் ஊரை மேட்டுப் பகுதிக்கு அழைத்துச் செல்ல முடியும். ஆனால் யாரேனும் அவ்வூருக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். பாலத்தில் நீர் எவ்வளவு உயரம் ஏறும் என்று சொல்லாமல் "1.68 லட்சம் கன அடி" என்று மட்டும் அறிவிப்பது, கரையோரத்தில் வாழ்பவருக்கு எதையும் உணர்த்தாது. கன அடியைப் பொறியாளர் அறிவார். தன் வீட்டுத் திண்ணை வரை நீர் வருமா என்பதே குடியிருப்பவரின் கேள்வி.

முன்கூட்டியே திறப்பதில் உள்ள தயக்கத்துக்கும் காரணம் உண்டு. நவம்பர் இறுதியில் அணையைக் காலி செய்து, பின் மழை பொய்த்தால், பாசனமும் குடிநீரும் ஓராண்டு பாதிக்கப்படும். அப்பழி திறந்தவர் மீது விழும். திறக்காமல் இருந்து வெள்ளம் வந்தால் பழியை மழையும் பகிர்ந்துகொள்ளும். இந்தச் சமனின்மை எந்தக் கருவியின் திரையிலும் தெரியாது. ஆயினும் அணைக்கட்டில் நிற்கும் அலுவலரின் முடிவில் அது உறுதியாகப் பங்கேற்கிறது. நல்ல பகுப்பாய்வு இதையும் கணக்கில் கொள்ளும். எந்த அளவு மழைக் கணிப்புக்கு எவ்வளவு நீர் திறக்கலாம் என்பதை முன்னரே எழுதி ஒப்புதல் பெற்றுவிட்டால், முடிவு தனி மனிதரின் துணிவைச் சார்ந்திருக்காது.

நுரை

கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கப்படும்போது மலைபோல் வெண்ணுரை எழுவது பல ஆண்டுகளாகச் செய்திகளில் வருகிறது. சலவைப் பொருள்களில் உள்ள, நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கும் வேதிப்பொருள்கள் கலந்த நீர் உயரத்திலிருந்து விழுந்து கலங்குவதால் நுரை உண்டாகிறது. சில வேளைகளில் தட்டகானப்பள்ளி அருகே உள்ள தரைப்பாலத்தை மூடி, ஊர்களுக்கிடையே போக்குவரத்தையும் நிறுத்தியுள்ளது. நுரை கண்ணுக்குத் தெரிவதால் அதுவே மாசின் அளவு என்று கருதுவோர் உள்ளனர். அது சரியன்று. நீர் தேங்கி நிற்கும் கோடையில் நுரை இராது. ஆனால் அப்போது கரைந்துள்ள ஆக்சிசன் மிகக் குறைந்திருக்கக்கூடும். மழைக்காலத்தின் முதல் நீரில் நுரை மிகும். தொடர்ந்து வெள்ளம் வந்தால் கழிவின் செறிவு குறையும். எளிதில் தெரியும் அறிகுறியை அளவீடாகக் கொள்வது உணர்தல் படியிலேயே நேரும் பிழையாகும்.

இங்கு வியப்பூட்டும் ஒரு பின்னூட்டமும் உள்ளது. கர்நாடக அரசு கோரமங்கலா, சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டர் வரை கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டத்தை வகுத்து, 2018 இல் நீரை அனுப்பத் தொடங்கியது. அவ்வாறு அனுப்பப்படும் ஒவ்வொரு லிட்டரும் ஆற்றின் மாசைக் குறைக்கலாம். ஆற்றின் நீரையும் குறைக்கலாம். தூய நீர் கேட்பவரும், கோடையிலும் நீர் கேட்பவரும் ஓசூர்ப் பகுதியில் பெரும்பாலும் அதே உழவர்களே. இரண்டு கோரிக்கைகளும் இரண்டு துறைகளுக்கு இரண்டு மனுக்களாகச் செல்கின்றன. மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றைப் படிக்கிறது, நீர்வளத்துறை மற்றொன்றைப் படிக்கிறது. இரண்டும் ஒரே குழாயின் இரு முனைகள் என்பதைச் சேர்த்துக் காட்டுவதே பகுப்பாய்வு செய்யக்கூடிய உதவி.

எல்லையில் நிற்கும் தரவு

மேற்கண்டவற்றுள் 2017 நிகழ்வுக்கும் நுரைக்கும் பொதுவான ஒரு கூறு மாநில எல்லையாகும். தென்பெண்ணை உள்ளிட்ட ஆறுகள் பற்றி அன்றைய சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் இடையே 1892 ஆம் ஆண்டு உடன்படிக்கை ஏற்பட்டது. மார்க்கண்டேய நதியில் யார்கோள் அருகே கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. தடை கோரிய மனுவை 2019 நவம்பரில் தள்ளுபடி செய்த நீதிமன்றம், நடுவர் மன்றம் அமைக்க ஒன்றிய அரசை அணுகுமாறு கூறியது. அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு சுமார் அரை டி.எம்.சி.

வழக்கில் உள்ள இரு தரப்பினர் தரவுகளைத் தாராளமாகப் பகிர்ந்துகொள்வதில்லை. ஓர் அளவீடு நாளை சான்றாகலாம் என்ற எண்ணம் இருவருக்கும் இருக்கும். ஆயினும் பங்கீட்டுக்கான ஆண்டுக் கணக்கும் வெள்ளத்துக்கான மணிக் கணக்கும் வெவ்வேறு. முதலாவதில் பிணக்கு இருந்தாலும் இரண்டாவதைப் பகிர்வதில் எவருக்கும் இழப்பு இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் வெள்ள முன்னறிவிப்பும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைக் கணிப்பும் எல்லை பார்ப்பதில்லை என்பது இதில் ஓரளவு ஆறுதல்.

தொழிற்சாலைகள்

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எசு. மோட்டார், டைட்டன் ஆகிய நிறுவனங்களும் அவற்றுக்குப் பாகங்கள் செய்து தரும் பல நூறு சிறு பட்டறைகளும் இங்கு வளர்ந்தன. ஊழியர், உதிரிப் பாகம், உணவு யாவும் நாள்தோறும் எல்லையை இரு திசையிலும் கடக்கின்றன. 2016 செப்டம்பர் 12 அன்று காவிரி நீர்ச் சிக்கலை ஒட்டிப் பெங்களூரில் வன்முறை நிகழ்ந்தபோது பேருந்துகள் எல்லையிலேயே நின்றன. பயணிகள் அத்திப்பள்ளிக்கும் சூசூவாடிக்கும் இடையே நடந்து கடந்தனர். 2020 மார்ச் 25 முதல் நடப்புக்கு வந்த நாடளாவிய ஊரடங்கில் அதே எல்லை மீண்டும் மூடியது. பின்னர் மின்-அனுமதிச் சீட்டு முறை வந்தது.

இவ்வாறான நாளில் ஆலை மேலாளர் ஒருவரின் கேள்வி, எல்லை திறந்திருக்கிறதா என்பது மட்டும் அன்று. கையிருப்பில் உள்ள பாகங்கள் எத்தனை முறைப்பணிக்குப் போதும்? இன்று பெங்களூரிலிருந்து வந்து பணியில் உள்ளவர்கள் இரவு திரும்ப முடியுமா? ஒரே ஒரு சிறு பட்டறையிலிருந்து மட்டும் வரும் பாகம் எது? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலான ஆலைகளில் உடனடி விடை கிடைப்பதில்லை. விலை குறைந்த ஒரு திருகோ இரப்பர் வளையமோ வராமல் பொருத்துவரிசை நிற்பதுண்டு. பணமதிப்பின்படி வரிசைப்படுத்திய பட்டியலில் அப்பொருள் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

யானைகளுக்கும் இம்முறை பொருந்தும். பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஆண்டுதோறும் கேழ்வரகு அறுவடையை ஒட்டி யானைக் கூட்டங்கள் தளி, சவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருகின்றன. ஓர் ஊரிலிருந்து விரட்டப்படும் கூட்டம் அடுத்த ஊருக்குச் செல்கிறது; ஆகவே ஓர் ஊரின் தீர்வு மற்றோர் ஊரின் சூழ்நிலை. ஆற்றில் மூன்று அணைகளுக்கிடையே கண்ட அதே உறவு இது.

குறைகளும் விமர்சனங்களும்

முதல் விமர்சனம் தரவின் மிகுதி பற்றியது. நூறு அளவீடுகளைத் திரையில் காட்டும் கட்டுப்பாட்டு அறை, அவற்றுள் எந்த ஐந்து இன்றைய முடிவை மாற்றும் என்று சொல்லாவிட்டால், பார்ப்பவரைக் களைப்படையச் செய்கிறது. சைபர்சின் அறைக்கும் டெலெக்சுக்கும் இடையே முன்னர்க் கண்ட வேறுபாடு இங்கும் பொருந்தும். இந்திய நகரங்களில் பெருஞ்செலவில் அமைக்கப்படும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையங்களை மதிப்பிடும்போது திரைகளின் எண்ணிக்கையைக் கேட்காமல், அங்கிருந்து களத்துக்குச் சென்ற செய்திகளின் எண்ணிக்கையைக் கேட்பது நலம்.

இரண்டாவது, ஆசுபியின் விதி சார்ந்தது. நிலைமையை எவ்வளவு நன்றாக அறிந்தாலும், செய்யக்கூடியது மதகைத் திறப்பது அல்லது மூடுவது மட்டுமே எனில் அறிவு ஓரளவுக்கு மேல் பயன்படாது. கரையோர மக்களை நகர்த்தும் ஏற்பாடு, ஆக்கிரமிப்பற்ற ஏரி வாய்க்கால்கள், தரைப்பாலங்களுக்கு மாற்றான உயர்மட்டப் பாலங்கள் ஆகியன எதிர்வினைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகின்றன.

மூன்றாவது, மதிப்பீடு பற்றியது. பாரூக் பிசுக்கோப் 1975 இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒரு நிகழ்வின் முடிவை அறிந்தவர்கள் அது முன்னரே தெரிந்திருக்க வேண்டியது என்று மிகையாக நம்புவதைக் காட்டின. இதைப் பின்னறிவுச் சாய்வு என்பர். வெள்ளத்துக்குப் பின் நடக்கும் விசாரணைகள் பெரும்பாலும் இச்சாய்வுக்கு உட்படுகின்றன. இதைத் தவிர்க்க, முடிவெடுத்த வேளையில் என்ன தெரிந்திருந்தது, எது தெரியவில்லை, ஏன் இந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை அப்போதே நேரத்துடன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் வழக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. அணைகளில் நீர்மட்டமும் வெளியேற்றமும் மணிக்கு மணி பதியப்படுகின்றன. காரணத்தை எழுதுவதற்கு அந்தப் பதிவேடுகளில் வழக்கமாகப் பத்தி இருப்பதில்லை.